மிளகாய் இடிக்கும் நேரத்துச் செய்தி

அந்தி நேரம். கரண்டு போய்விட்டது. கொல்லைக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் உரலைச் சுற்றி நின்று வற்றல் மிளகாய் இடிக்கிறார்கள். நான் காலி அரிசி டின்னுக்குள் தலையை விட்டு, இடுப்பை வளைத்து, பின்பக்கத்தை அவர்களுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"அமே, இன்னும் கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா உள்ளேயே குடித்தனம் பண்ணலாம்" என்பாள் மா சேன். அமே என்றால் பர்மியப் பேச்சில் அம்மா. வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்கு.

"நீ உலக்கையப் பாத்துப் போடுடி. ஒன் வாய் இடிக்கற வேகத்துல கை இடிச்சா மிளகா எப்பவோ தூளாயிருக்கும்" என்பேன். டின்னுக்குள்ளிருந்து என் குரல் கிணற்றில் விழுந்தவள் குரல் மாதிரி வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் நான் கையை வெளியே நீட்டி ஆட்டுவேன். உடனே சிரிப்பு நின்றுவிடும். உலக்கை மட்டும் பேசும்.

செய்தி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

போன வாரம் என் கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்தச் சாம்பார் எங்கேயும் போகாது. பேத்திதான் "ஆயா, இந்த வாரம் மிளகாக் கதையச் சொல்லு" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள். எனக்குத் தமிழிலும் எழுத்து தெரியாது, பர்மியத்திலும் தெரியாது. காதுதான் என் படிப்பு.

இன்னொன்று. இந்தக் கதையில் அந்தப் பெண்கள் பேசியது முக்கால்வாசி பர்மியம். ஆனால் என் மனதில் அது தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே சொல்கிறேன்.

ஊறுகாய்க்கு வந்த ரேடியோ

எங்கள் வீட்டுக்காரருக்கு ரங்கூன் துறைமுகத்தில், அலோன் துறையில் மூட்டை இறக்கும் வேலை. நான் அதே ஊரில் தாமுவே பேட்டையில் வீட்டோடு ஒரு சின்ன மிளகாய் மில் வைத்திருந்தேன். கரண்டு இருந்தால் மில், இல்லாவிட்டால் உரல். அந்த நாட்களில் ரங்கூனில் கரண்டு விருந்தாளி மாதிரி. வந்தால் உட்காராது.

ஒரு நாள் அவர் வேலை முடிந்து வரும்போது லுங்கிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். கைக்குள் அடங்கிவிடும் ரேடியோ. ஒரு பக்கம் உடைந்து, தோல் வாரால் கட்டியிருந்தது.

"இது ஏது?"

"கப்பல் சமையக்காரன் குடுத்தான். ஒன் எலுமிச்ச ஊறுகாய ஒரு நாள் அவனுக்குக் குடுத்தேன்ல, மொத்த ஜாடியும் வேணும்னான். குடுத்துட்டு இத வாங்கியாந்தேன்."

"மொத்த ஜாடியுமா?"

"ஊறுகா திரும்பப் போட்டுக்கலாம். ரேடியோ போட முடியுமா ஒன்னால?"

அந்த ரேடியோவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவும் துறைமுகக் கூலிதான். அவருக்கும் எழுத்து கிடையாது. சாயங்காலமானால் துறைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு கிளார்க் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். அப்பா அதை ஒரு வரி விடாமல் காதில் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் ஒப்பிப்பார். கூந்தல் தைல விளம்பரத்தைக்கூட விடமாட்டார். "அத விடுங்க" என்று அம்மா சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கேட்டத கேட்டபடி சொல்லணும். இது வேணும் அது வேணாம்னு நான் யாரு தீர்மானிக்க?" என்பார்.

அவர் எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து அந்தக் காது ஒன்றுதான்.

பேப்பர் மழை

மா சேனை முதன்முதலில் பார்த்தது ஒரு மழைக்காலத்தில். ராணுவ ஆட்சி வேண்டாமென்று ஊரே தெருவில் இறங்கி நின்ற அந்த மழைக்காலம். என் வயதுக்காரர்களுக்கு எந்த வருஷம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது திடீரென்று எத்தனை பேப்பர் வந்தது தெரியுமா? அச்சடித்தது, கையால் எழுதி மை உருட்டி எடுத்தது, ஒரு பக்கம், இரண்டு பக்கம். சந்து முனையில் நின்றால் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். மை காயாமல் விரலில் ஒட்டும். எங்கள் தெருவில் குழாய் உடைந்ததுகூட ஒரு பேப்பரில் வந்தது. நம் தெரு பேப்பரில் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிப்பாய்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கிருந்து மிளகாய் அரைக்க வருவாள் மா சேன். அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள், கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு காயாத பெண். மில் ஓடும்போது பேப்பரை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். லைனுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. அதனால் என் கடையிலேயே படித்துவிட்டு, மடித்து மிளகாய் மூட்டைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள்.

அப்புறம் ஒரு நாள் தெருவில் ராணுவத்தின் பூட்ஸ் சத்தம் வந்தது. பேப்பர் மழை நின்றது. ஒரே ஒரு சர்க்கார் பேப்பர்தான் மிச்சம். அதையும் மா சேன் படித்துக் காட்டினாள்.

"பெரியவங்க ஒரு பாலம் திறந்தாங்களாம் அமே."

"நேத்தும் அதானே படிச்ச?"

"அது வேற பாலம். சட்டைதான் அதே சட்டை."

எல்லாருக்கும் அது கஷ்டகாலம்தான். ஆனால் லைன் வீட்டுப் பெண்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். நமக்கு ஒன்றென்றால் மார்க்கெட்டுக்குப் போனால் தெரிந்துவிடும். அவர்கள் புருஷர்களோ எங்கோ மலையில், எல்லையில், கலகக்காரர்களோடு சண்டையில். எங்கே சண்டை, யார் ஜெயித்தது, யாருக்கு அடிபட்டது, பேப்பரில் ஒரு சொல் வராது. மேலே கேட்டால் "எல்லாம் நலம்" என்ற பதில்தான். ஊரிலும் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள்.

பேட்டரி விற்கிற காதர் பாய் ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"என்னக்கா, சிப்பாய் பொண்டாட்டிங்களுக்கு நியூஸ் வாசிக்கிறீங்களாமே? அவங்க ஆளுங்க நமக்குச் செஞ்சது பத்தாதா?"

"புருஷன் உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம நிக்கிறவ எந்தக் கட்சி பாய்?"

அவர் கடைப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் பழைய பேட்டரி ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். "வெயில்ல காயவெச்சுப் போடுங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

அதற்கப்புறம் எத்தனை ஜோடி கொடுத்திருப்பார் அந்த மனிதர். அல்லா அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

டின்னும் உரலும்

அந்தியில் வெளிநாட்டிலிருந்து பர்மியத்தில் செய்தி வரும். அதைக் கேட்பது தெரிந்தால் வம்பு. லைன் வீட்டில் கேட்டால் புருஷனின் வேலையே போய்விடும். என் கொட்டகைக்கு வரலாம் என்றாலும், சன்னமான சுவர், பக்கத்தில் வார்டு ஆபீஸ்.

உரல் யோசனை மா சேனுடையது. மிளகாய் இடிக்கிற சத்தத்தில் ரேடியோ வெளியே கேட்காது. ஆனால் உள்ளேயும் கேட்கவில்லை. அதற்கு டின் யோசனை என்னுடையது. பெரிய அரிசி டின்னைக் காலி பண்ணி அடியில் ரேடியோவை வைத்தேன். தலையை உள்ளே விட்டால் உலக்கைச் சத்தம் தூரத்து இடி மாதிரி போய்விடும். செய்தி மட்டும் காதில் தெளிவாக விழும்.

செய்தி முடிந்ததும் தலையை வெளியே எடுப்பேன். மூஞ்சியெல்லாம் வேர்வை, தலையில் அரிசித் தவிடு. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை சொல்வேன். மெதுவாக, இரண்டு உலக்கைச் சத்தத்துக்கு நடுவில்.

மிளகாய் வைத்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. அதை நாங்கள் யோசித்து வைக்கவில்லை. தானாக அமைந்தது. செய்தியில் புருஷன் இருக்கிற மலையின் பேர் வந்தால் ஒருத்தி அழுவாள். அழுதுகொண்டே லைனுக்குத் திரும்பிப் போனால் "ஏன் அழற?" என்று கேட்பார்கள். இவர்களை யாரும் கேட்கவில்லை. மிளகாய் இடித்துவிட்டு வருகிறவள் கண் சிவந்துதான் இருக்கும்.

அந்தக் கொட்டகையில் எத்தனையோ பெண்கள் நிம்மதியாக அழுதிருக்கிறார்கள். மிளகாய்க்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டும் நான்.

ஒரு தடவை வார்டு ஆபீஸ் ஆள் ஒருவர் "என்ன இங்க கூட்டம்?" என்று உள்ளே வந்தார். வாசலைத் தாண்டவில்லை, தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மிக்கொண்டே வந்தார், தும்மிக்கொண்டே போனார். என்ன கேட்க வந்தார் என்பது அவருக்கே மறந்திருக்கும்.

காலி டப்பா

லைன் வீட்டுப் பெண்கள் அவ்வளவு மிளகாய் இடிப்பதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பலாச்சாங் செய்வார்கள். காய்ந்த இறாலை இடித்து, பூண்டு, வெங்காயம், மிளகாய் எல்லாம் சேர்த்து எண்ணெயில் மொறுமொறுவென்று வறுப்பது. மாதக்கணக்கில் கெடாது. பால்பவுடர் டப்பாவில் அடைத்து, மலைக்குப் போகிற சிப்பாய் யார் கையிலாவது புருஷனுக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

அங்கிருந்து யாராவது திரும்பி வந்தால் காலி டப்பா வரும். கடிதாசி வருவது அபூர்வம். டப்பாதான் கடிதாசி. டப்பா வந்தால் ஆள் இருக்கிறான், தின்றிருக்கிறான்.

மா சேன் தன் டப்பாவின் மூடியில் ஆணியால் ஒரு பூ கீறியிருப்பாள். அவள் புருஷன் கோ மோ லான்ஸ் கார்ப்பரல். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள். போகும்போது என்னிடம் வந்து, "அமே, என் பொண்டாட்டி ரொம்பப் பேசுனா ஒரு பிடி மிளகாய வாய்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு வருஷம் மழை முடிந்து குளிர் வந்தது. மற்றவர்களின் டப்பாக்கள் வந்தன. பூப்போட்ட டப்பா வரவில்லை. மா சேன் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். தினமும் வந்து உலக்கையை எடுப்பாள். நான் டின்னுக்குள்ளிருந்து தலையை எடுத்தவுடன் என் வாயையே பார்ப்பாள். அவள் புருஷன் இருந்த மலைப்பக்கம் சண்டை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பேர் விவரம் இல்லை.

"டப்பா வரல அமே" என்பாள்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. புருஷன் போய்விட்டால் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஆனால் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அழுவதற்கும் முடியாது, அடுத்த வேலையைப் பார்ப்பதற்கும் முடியாது.

கேப்டன் வீட்டம்மா

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் என் வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் டோ கின், கேப்டனின் மனைவி. லைனில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. பட்டு லுங்கி, கொண்டையில் பூ. கையில் ஒரு டப்பா பிஸ்கோத்து.

மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

"அமே, என் பொண்ணுங்க இங்க மிளகா இடிக்க வர்றாங்க. சந்தோஷம்."

"ஆமா டோ கின். நல்லா இடிக்கிறாங்க."

"இடிக்கிற சத்தத்துல வேற ஏதோ கேக்குதுன்னும் சொல்றாங்க." டீயை ஒரு வாய் குடித்தாள். "பயப்படாதீங்க. நான் புடிக்க வரல. அதுங்க ராத்திரி தூங்கறதில்ல அமே. பிள்ளைங்கள அடிக்குதுங்க. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க பொய் சொல்ல வேணாம். நல்லது வந்தா சொல்லுங்க. கெட்டது வந்தா விட்டுடுங்க. அவ்வளவுதான்."

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

"நம்ம கேன்டீனுக்கு மாசம் முழுக்க வேண்டிய மிளகாத்தூள் உங்ககிட்டயே வாங்கச் சொல்றேன். எங்க லைன்லேருந்து கரண்டும் இழுத்துக்கலாம். நிக்காது."

எங்கள் வீட்டுக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கூரை ஒழுகி, அடுப்புக்கு மேலே சட்டி வைத்திருந்த காலம் அது. அவர் கண்ணிலேயே புதுக்கூரை தெரிந்தது.

எனக்கும் தெரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நிற்காத கரண்டு என்றால் சும்மாவா? ஆனால் மனதுக்குள் அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார், கூந்தல் தைல விளம்பரத்தோடு.

"டோ கின், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் கெட்டத விட்டுட்டேன்னு வெச்சுக்குங்க. ஒரு நாள் அந்த மலையப் பத்தி நெஜமாவே ஒண்ணும் வராது. நான் ஒண்ணும் சொல்லாம இருப்பேன். அன்னைக்கு அதுங்க என்ன நெனைக்கும்? அமே எதையோ மறைக்கிறான்னு அழும். அப்புறம் நான் நல்லது சொன்னாலும் அழும். இப்ப கெட்ட சேதி வந்தா ஒரு நாள் அழுதுங்க. நீங்க சொல்றபடி செஞ்சா தெனமும் அழும்."

"கொஞ்சம் கலந்து சொல்றதுல என்ன தப்பு? மனசு ஆறுதலுக்குத்தானே."

"செங்கல் தூள் கலக்கறவனும் மிளகா காரமா இருக்குன்னுதான் கலக்கறான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு பயந்துவிட்டேன்.

டோ கின் டீயைக் குடித்து முடித்தாள். பிஸ்கோத்து டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். ஜீப் போய்விட்டது.

"கூரையும் போச்சு, ரேடியோவும் போவப் போவுது. அடுத்தது ஆளும் போவும். ஒன் அப்பன் சேர்த்து வெச்ச சொத்து இதானே" என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே ரேடியோவை எடுத்து மிளகாய் மூட்டைக்கு நடுவில் புதைத்தார். திட்டிக்கொண்டே காப்பாற்றுகிற ஆள் அவர். எனக்குக் கிடைத்த வரம் அப்படி.

உலக்கை பிடித்த கை

கொஞ்ச நாள் ரேடியோவைத் தொடவில்லை. அந்தியில் பெண்கள் வந்து நிற்பார்கள். நான் கையை விரிப்பேன். அவர்கள் சும்மாவே மிளகாய் இடித்துவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் மா சேன் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, "அமே, நல்ல சேதி வேணும்னு நான் வரல. சேதி வேணும்" என்றாள்.

வீட்டுக்காரரே எழுந்து போய் மூட்டையை அவிழ்த்தார். ரேடியோ சிவந்துபோய் வெளியே வந்தது. ஊதித் துடைத்து, டின்னுக்குள் வைத்தேன். மிளகாய் நெடியில் எனக்கே தும்மல்.

டின்னுக்குள் தலையை விடப் போகிற நேரம். வாசலில் நிழல் விழுந்தது.

டோ கின். ஜீப் இல்லை, நடந்து வந்திருக்கிறாள். கொண்டையில் பூ இல்லை. கன்னத்தில் தனகாகூட இல்லை. சாதாரணப் பருத்தி லுங்கி.

பெண்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே உரலிடம் வந்தாள். சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தாள். எதிரில் இன்னொரு உலக்கையோடு மா சேன். முதல் குத்தே உரலின் விளிம்பில் விழுந்தது.

ரொம்ப நாளைக்கப்புறம் மா சேன் வாய் திறந்து கேலி பேசினாள்.

"உரல ஒடச்சிடாதீங்க டோ கின். உரல் அமேயோடது, கேன்டீனோடதில்ல. நான் தூக்கும்போது நீங்க போடுங்க. நீங்க தூக்கும்போது நான் போடறேன்."

டோ கின் தலையை ஆட்டினாள். ஒன்று மாற்றி ஒன்று உலக்கை விழ ஆரம்பித்தது. நான் டின்னுக்குள் போனேன்.

அன்றைக்கு வந்தது கெட்ட செய்திதான். அந்த மலையில் இருந்த முகாம் கை மாறிவிட்டது. ரெண்டு பக்கமும் நிறைய சேதம். காயம்பட்ட சிப்பாய்களை விமானத்தில் ரங்கூனுக்குக் கொண்டுவந்து ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேர் எதுவும் சொல்லவில்லை.

தலையை வெளியே எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். டோ கின்னைப் பார்த்தேன், சொல்லலாமா என்று.

"சொல்லுங்க அமே" என்றாள். "முழுசா சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் இருக்காரு, மேல ஃபோன் பண்ணிக் கேட்டா எல்லாம் நலம்ங்கறாங்க. நான்தானே எல்லாருக்கும் அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும் அமே." உலக்கையை விடவில்லை. "அன்னைக்கு நீங்க எனக்குச் சரின்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நான் யார்கிட்ட வருவேன்?"

நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. உலக்கைகள் நிற்கவில்லை. எல்லார் கண்ணிலும் மிளகாய்.

கடைசியில் டோ கின் முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மா சேன், ஆஸ்பத்திரிக்குள்ள உன்ன விடமாட்டாங்க. என்ன விடுவாங்க. காலைல என்கூட வா."

மிச்சம் வைத்த ஒரு கரண்டி

மறுநாள் நடந்ததை மா சேன் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள்.

வார்டு வார்டாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு மூலைக் கட்டிலில் கோ மோ. ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஆனால் கண் திறந்திருந்தது. தலைமாட்டில் பூப்போட்ட டப்பா.

மா சேன் அவனைப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் முதலில் எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ இருந்தது.

"ஏன்டா திருப்பி அனுப்பல?" என்று கேட்டிருக்கிறாள். கட்டின புருஷனை அவள் வேறு எப்போதும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"காலியாகலையே. ஒரு கரண்டி மிச்சம் இருந்துச்சு. அத வெச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நெனைப்பு. காலி டப்பாதானே அனுப்பணும்?"

ஒரு கரண்டி பலாச்சாங்குக்காக அவள் பட்ட பாடு. அவன் அதிர்ஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது அவளுக்கு எமனாக உட்கார்ந்திருந்தது. அவள் அந்த டப்பாவாலேயே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள். நர்ஸ் ஓடி வந்தாளாம்.

டோ கின் எல்லாக் கட்டிலையும் பார்த்தாள். அவள் தேடிய முகம் எந்தக் கட்டிலிலும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து முறையாகச் செய்தி வந்தது.

ஆபீஸர் வீடானாலும் அதே சட்டம்தான். காலி பண்ண வேண்டும். ஊர்க்கோடியில், ஷ்வேப்யிதாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தாள். கையில் துணியில் சுற்றி ஒரு ரேடியோ. கேப்டனுடையது. நீள ஏரியல், பெரிய குமிழ், நல்ல கனம்.

"ஒங்களோடது இரையுது அமே. இதுல தெளிவா கேக்கும்."

"எனக்கு எதுக்கும்மா? நீயே வெச்சுக்க."

"அங்க தனியா கேட்டு என்ன பண்ண? இங்க இருந்தா அதுங்களுக்காகும்." வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "கலக்காம சொல்லுங்க அமே."

அவளாகச் சொன்ன முதல் கேலி அது.

பச்சரிசி

கோ மோ கட்டைக் காலோடு என் மில்லுக்கே வேலைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய் கொட்டுவான். அந்தியில் செய்தி நேரத்தில் அவனும் கேட்பான். ஒரு நாள் அவன் இருந்த அதே சண்டையைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். நான் வெளியே வந்து ஒப்பித்ததும் பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நேரில் இருந்தவன் ஆயிற்றே.

"சரியாத்தான் சொல்றாங்க. ஒண்ணுதான் தப்பு" என்றான். "அன்னைக்கு மழைங்கறாங்க. மழையில்ல, நல்ல வெயில்."

"அத நாளைக்கு அவங்களுக்குச் சொல்லி அனுப்பு" என்றாள் மா சேன்.

"அனுப்பறேன். டப்பாவுல."

அப்புறம் எவ்வளவோ வருஷம் ஓடிவிட்டது. லைனில் ஆட்கள் மாறினார்கள். புதுப்பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு யாரோ சொல்லிவிடுவார்கள், மிளகாய் அமே வீட்டுக்குப் போ என்று. காதர் பாய் போய், அவர் மகன் பேட்டரி கொடுத்தான். கூரையும் ஒரு வழியாக மாற்றிவிட்டோம். மிளகாய் விற்றே மாற்றினோம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன குளிர்காலத்தில் டோ கின் வந்தாள். தலை நரைத்துவிட்டது. ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபாக்டரியில் துணி சரிபார்க்கிற வேலையாம். கையில் ஒரு பை பச்சரிசி.

"பொங்கலுக்கு நீங்க மாவு இடிச்சு ஏதோ பண்ணுவீங்களே அமே. வாங்கிட்டு வந்தேன்."

அந்தி நேரம். கரண்டு இருந்தது. மில்லும் ஓடுகிற நிலையில்தான் இருந்தது. ஆனாலும் மா சேன் உரலைக் கழுவிவிட்டு உலக்கைகளை எடுத்து வந்தாள். ரெண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். டோ கின் இப்போது விளிம்பில் போடவில்லை. வெள்ளை மாவு மேலே பறந்து ரெண்டு பேர் புருவத்திலும் ஒட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து டோ கின் இடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன அமே, பச்சரிசியும் எரியுதே" என்றாள்.

"பழைய உரல். காரம் போகாது" என்றான் கோ மோ.

செய்திக்கு நேரமாகிவிட்டது. கேப்டனின் ரேடியோவைத் திருகிவிட்டு, டின்னுக்குள் தலையை விட்டேன்.